கையில் வராத சாவி

பெருங்கடவிளை கிருஷ்ணன்குட்டி வந்து உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தையைக் கேட்டு, துப்பறியும் சகாயதாஸ் காதுக்குள் விரலை விட்டு ஒருமுறை குடைந்துகொண்டார்.

"சாவி இருந்த எடத்துலதான் இரிக்கு சாரே. ஆனா கையில வரமாட்டேங்குது."

"துரு பிடிச்சு ஒட்டியிருக்கும். கொறடு வச்சு இழுத்துப் பாத்தியளா?" என்று கேட்டாள் குமாரி.

"இழுத்தேன். சுண்ணாம்பு உதிர்ந்துது."

பாறசாலை சந்திப்பில் குடை ரிப்பேர் கடைக்கு மேல் இருந்தது அந்த ஒற்றை அறை ஆபீஸ். சகாயதாஸ் இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் ஒரு சினிமாக் கொட்டகையில் டார்ச் அடித்து ஆட்களை சீட்டில் உட்காரவைத்துக் கொண்டிருந்தவர். டார்ச் வெளிச்சத்தில் மனித முகங்களைப் பார்த்துப் பார்த்து மனோதத்துவம் தனக்குக் கைவந்துவிட்டது என்பது அவருடைய நம்பிக்கை. அந்த டார்ச்சை இன்றும் பட்டப்பகலில் இடுப்பில் செருகிக்கொண்டுதான் திரிகிறார். குமாரி அவருடைய உதவியாளர். டைப் அடிப்பது, மொபெட் ஓட்டுவது, சார் சொல்வதைச் சிரிக்காமல் கேட்பது என்று அவளுக்கு மூன்று வேலைகள். முதல் இரண்டையும் ஒழுங்காகச் செய்வாள்.

"தெளிவா சொல்லும்" என்றார் சகாயதாஸ்.

கிருஷ்ணன்குட்டி தெளிவாகச் சொன்னார். அவருக்கு ஆரியங்கோட்டில் ரப்பர் தோட்டம், பெருங்கடவிளையில் ஓட்டு வீடு. வீட்டுக்குள் ஒரு பத்தாயம். நெல் வைத்த காலம் போய்விட்டதால் அந்த மரப்பெட்டிக்குள் இப்போது மூக்கு வைத்த கிண்டியும் உருளியும் குத்துவிளக்குமாக ஓடு என்கிற வெண்கலப் பாத்திரங்கள் இருக்கின்றன. எல்லாம் அவர் மனைவி சரோஜம் சீதனமாகக் கொண்டுவந்தவை. கிருஷ்ணன்குட்டி ஒன்றையும் வெளியே எடுக்கவிடமாட்டார். தேய்ந்துபோகுமாம். பத்தாயத்தின் இரும்புச் சாவியை, தன் சாய்வு நாற்காலிக்கு எதிர்ச் சுவரில் ஆணி அடித்து மாட்டி, உட்கார்ந்த இடத்திலிருந்தே காவல் காத்து வந்தார். நேற்றைக்குப் பழைய ஓட்டுச் சாமான் வாங்கும் ஒருவன் வந்தான். நல்ல விலை தருவதாகச் சொன்னான். இவர் மிடுக்காக எழுந்துபோய் சாவியை எடுக்கக் கை நீட்டினார்.

"வெரலு சுவர்ல இடிச்சுது. பாத்தா, பென்சில் படமாக்கும். செரி, ஆணியாவது மிச்சம்னு கொறட்ட எடுத்தேன். ஆணியும் படமாக்கும்."

"ஆணிக்கு நிழலு உண்டா?" என்று கேட்டாள் குமாரி.

"உண்டு."

"அப்ப நல்ல கள்ளனாக்கும். வேலைய பாதியில விட்டுட்டுப் போவல்ல."

கிருஷ்ணன்குட்டி அவளை முறைத்துவிட்டு சகாயதாஸ் பக்கம் திரும்பினார். கள்ளன் யாரென்று அவருக்குத் தெரியும். குளத்தூர் பக்கம் கடற்கரையிலிருந்து வந்து ஓணத்துக்கு முன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்த ரெனில்தான். மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தும் கடலில் இறங்கினால் வாந்தி வருமென்று ஏணியில் ஏறியவன். அவன் காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். ஆதாரம் இதற்கு மேல் என்ன வேண்டும்? சுண்ணாம்பு அடித்து முடித்த பிறகும் ஜன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடிக்க இரண்டாம் தடவை வந்தான். அப்போது களவாண்டிருக்கிறான். அவன் ஏணியைப் பிடித்து மாட்டுத் தொழுவத்தில் பூட்டிவைத்தாகிவிட்டது.

"போலீசுக்குப் போவாம எங்ககிட்ட எதுக்கு வந்திய?"

"போலீசு மெள்ளத்தான் வரும். எனக்கு ஞாயித்துக்கிழமைக்கு முன்னால ஆதாரம் வேணும். அவனுக்குக் கல்யாணம் வச்சிருக்கு. டீனான்னு ஒரு பெண்ணு. அவங்க சர்ச்சு பள்ளியில மூணு ஞாயிறு கல்யாண ஓலை வாசிச்சு, இந்தக் கல்யாணத்துக்குத் தடை உண்டுமானா சொல்லுங்கன்னு பாதிரி அச்சன் கேப்பாராமே. இந்த ஞாயிறு மூணாவது ஓலையாக்கும். நான் போய் எழும்பி நிப்பேன். பெண்ணு வீட்டுக்காரங்க முன்னால, இவன் கள்ளன்னு சொல்லுவேன்."

"நீங்க அம்பலத்துல சாமி கும்பிடப் போறவருல்லா?" என்றாள் குமாரி.

"கேக்குதது பொதுவாத்தானே கேக்குதாவ" என்றார் கிருஷ்ணன்குட்டி.

இப்படி ஒரு மனிதருக்காக உழைக்கவேண்டி வந்ததே என்று குமாரிக்குக் கசந்தது. கேஸ் என்று ஒன்று வந்தே மாதக்கணக்காகியிருந்த சகாயதாஸுக்கு ஒன்றும் கசக்கவில்லை. டார்ச்சை இடுப்பில் தட்டிப் பார்த்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பெருங்கடவிளை வீட்டில் அந்தச் சுவர் முன்னால் போய் நின்றார்கள். பாலாக வெளுத்திருந்த சுண்ணாம்புச் சுவரில் அந்தச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. வரைந்தது என்று தெரிந்த பிறகும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. தண்டின் ஓரம் கறுத்து, நடுவுக்கு வர வர வெளுத்து, உருண்டையாகத் திரண்டிருந்தது. மின்னுகிற இடத்தில் பென்சிலே படவில்லை, சுவரின் வெள்ளையைத்தான் மினுக்கமாக விட்டிருந்தது. சாவிக்குப் பின்னால் சுவரில் விழுந்த நிழல் சாவியை ஒட்டிய இடத்தில் அழுத்தமாகவும், தள்ளிப்போகப் போக மங்கலாகவும் இருந்தது. அந்த நிழல்தான் சாவியைச் சுவரிலிருந்து ஒரு விரல்கடை முன்னால் தள்ளி நிறுத்தியது.

"இந்தக் கள்ளன பிடிச்சா ஜெயிலுக்கு அனுப்பாண்டாம் சாரே, நம்ம ஆபீசுக்கு ஒரு மேசை வரைஞ்சு வாங்குவோம்" என்றாள் குமாரி.

சகாயதாஸ் டார்ச்சை எடுத்து சாவியின்மேல் வலமும் இடமுமாக அடித்தார். நிழல் நகரவில்லை. பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துச் சாவிக்குப் பக்கத்தில் சுவரில் பிடித்தார். அறைக்கு இருந்தது ஒரே ஜன்னல், வலது பக்கம். பேனாவின் நிழல் இடது பக்கம் விழுந்தது. சாவியின் நிழலோ வலது பக்கம் கிடந்தது.

"பாத்தியா குமாரி? வெளிச்சம் வலத்தேருந்து வருது. சாவிக்கு மட்டும் இடத்தேருந்து வந்திரிக்கு."

"அதுக்குத் தனியா ஒரு சூரியன் போலுண்டு."

"கிண்டல் பண்ணாதே. கள்ளன் வரையும்ப வெளிச்சம் இடத்தேருந்து வந்திரிக்கு. இடத்தே ஜன்னல் இல்ல, கதவு இல்ல. அப்ப மேலேருந்து வந்திரிக்கு." அண்ணாந்து கூரையைப் பார்த்தார். அவர் குரல் தாழ்ந்தது. "ஓடு மாத்தினியளா?"

"சுண்ணாம்பு அடிக்கும்ப ஒடைஞ்ச ஓடு மாத்தினோம். அந்த எடத்துலதான்" என்றார் கிருஷ்ணன்குட்டி.

"மாத்தினது ஆரு?"

"ரெனில்."

சகாயதாஸ் டார்ச்சை அணைத்தார். சினிமாவில் இடைவேளை விட்டது போல ஒரு நிறைவு அவர் முகத்தில் பரவியது. ஓட்டைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டை வழியாக வந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து வரைந்திருக்கிறான். கூரையில் ஓட்டை போட உரிமையுள்ளவன் அந்த வீட்டில் ஒருவன்தான்.

ரெனில் தொழுவத்து வாசலில், பூட்டிய ஏணிக்குக் காவல் இருப்பவன் போல உட்கார்ந்திருந்தான். மெலிந்த உடம்பு, தலைமுடியில் கழுவினாலும் போகாத சுண்ணாம்பு.

"ஆணியையும் சாவியையும் பிடுங்கி சேச்சி கையிலதான் குடுத்தேன் சாரே" என்றான். "அதோட என் பாடு தீந்துது. பென்சில் வச்சு எனக்கு நேரா ஒரு கோடு போடத் தெரியும். அதுவும் நூலு பிடிச்சாத்தான்."

"சேச்சி அத மாட்டிட்டாளே. நான் ஓணம் முழுக்க கண்ணால பாத்துட்டுல்லா இருந்தேன்" என்றார் கிருஷ்ணன்குட்டி. "எடி, மாட்டினியா இல்லியா?"

சாயாத் தட்டோடு வந்த சரோஜம் வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் பேசும்போதெல்லாம் கதவு நிலையைப் பார்த்துப் பேசிப் பழகிய முகம்.

"இருந்த எடத்துல வச்சேன்" என்றாள்.

"கேட்டியளா? ஞாயித்துக்கிழமை பள்ளியில வச்சுக்கிடுதேன்" என்றார் கிருஷ்ணன்குட்டி.

தட்டில் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ஒன்றைக் குமாரியிடம் நீட்டிய சரோஜத்தின் கையில், சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை உள்ள ஓரம் மட்டும் கறுத்துப் பளபளத்தது. அடுப்புக் கரி என்று குமாரி நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் நெய்யாற்றின்கரைக்குப் போனார்கள். சகாயதாஸுக்கு அங்கே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை. தன் கண்டுபிடிப்பை விஷயம் தெரிந்த ஒருவர் கேட்டு மெச்சவேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அதற்குத்தான் சித்திரப் பரீட்சைக்கு ஆட்களைத் தயார் செய்யும் சோமன் மாஸ்டரைப் பிடித்தார். பஸ் ஸ்டாண்ட் பின்னால் ஒரு மாடியில் கிளாஸ். மாஸ்டர் ஒல்லியாக, தானே ஒரு பென்சில் போல, காலரில் ஊக்கு குத்திக்கொண்டு இருந்தார்.

சகாயதாஸ் கூரை, ஓடு, வெளிச்சம் என்று விவரித்து முடித்துவிட்டுப் பாராட்டுக்காகக் காத்திருந்தார்.

"இடது மேல் மூலையிலிருந்து வெளிச்சம் வந்தா அது சரியான படமாக்கும்" என்றார் மாஸ்டர். "அதுக்கு எதுக்கு ஓட்டப் பிரிக்கணும்?"

குமாரி அதற்குள் சுவரைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். மாணவர்கள் வரைந்த படங்கள் சுவர் நிறைய ஒட்டியிருந்தன. பந்து, கத்திரிக்காய், குடம், செங்கல், கூஜா. எல்லாவற்றுக்கும் இடது பக்கம் வெளிச்சம், வலது பக்கம் நிழல். ஒரு படத்தில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்கும் இடது பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தது. சுடருக்கே வலது பக்கம் நிழல் இருந்தது.

"மாஷே, இந்த விளக்கு எரியுதுல்லா? அதுக்கு வெளிச்சம் எங்கேருந்து வருது?"

"இடது மேல் மூலையிலேருந்து."

"அது எரிஞ்சிட்டில்லா இரிக்கு."

"எரியட்டு. பரீட்சை பேப்பர் திருத்துதவரு மொதல்ல பாக்கிறது நிழல் வலது பக்கம் கெடக்கான்னுதான். கெடந்தா ஜெயிச்சான்."

"சூரியன் சாயங்காலம் அந்தப் பக்கம் போயிடுமே."

"பரீட்சை முடியிறது வரை போவாது" என்றார் மாஸ்டர் உறுதியாக.

சகாயதாஸ் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். கூரையில் அவர் கழற்றிய ஓடு அவர் தலையிலேயே விழுந்துவிட்டது. வெளிச்சம் எங்கிருந்தும் வரவில்லை. இந்த மாஸ்டரிடம் படித்த ஒரு கை, ஜன்னல் எந்தப் பக்கம் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல், சொல்லிக்கொடுத்தபடி இடது பக்கம் வெளிச்சம் விட்டு வரைந்திருக்கிறது. ஆனால் விழுந்த இடத்திலிருந்தே மண்ணைத் தட்டிக்கொண்டு எழுவதில் அவருக்கு ஈடு இல்லை.

"அப்ப கள்ளன் இந்த கிளாசுல படிச்சவன்" என்றார். "ரெனில்னு ஒரு சுண்ணாம்புக்காரன் இங்க வாறானா?"

"ஆரு வாறாவன்னு நான் சொல்லமாட்டேன்" என்றார் மாஸ்டர். "இங்க போர்டு எழுதுதவனும் வருவான், பஸ் கண்டக்டரும் வருவாரு, வீட்ல சொல்லாம வாறவியளும் உண்டு. நான் பேரு கேக்கதில்ல. கைய மட்டும் பாப்பேன்."

"கையில என்ன இரிக்கு?"

மாஸ்டர் தன் வலது கையைத் திருப்பிக் காட்டினார். சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை ஓரம் கறுத்துப் பளபளத்தது. "நிழல் போடும்ப கை பேப்பர்ல உரசி உரசி வரும். சோப்பு போட்டாலும் சீக்கிரம் போவாது."

குமாரி அதைப் பார்த்தாள். அடுப்புக் கரி என்றால் விரல் நுனியில் இருக்கும், உள்ளங்கையில் இருக்கும். ஓரத்தில் மட்டும் ஒட்டுகிற கரி எந்த அடுப்பிலும் இல்லை. தட்டில் தம்ளர்கள் இடித்துக்கொண்ட சத்தம் அவள் காதில் திரும்பக் கேட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் மொபெட்டை மெதுவாகத்தான் ஓட்டினாள். மொபெட்டுக்குத்தான் ஏதோ கோளாறு என்று பின்னால் இருந்த சகாயதாஸ் நினைத்தார்.

சொன்னால் சரோஜத்துக்கு வீட்டில் என்ன நடக்கும் என்று குமாரிக்குத் தெரியும். சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பள்ளியில் என்ன நடக்கும் என்பதும் தெரியும். இரண்டும் பிடிக்கவில்லை. சாரே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். சார் கண்டுபிடிப்பார் என்று அவள் நம்பியது அந்த வருஷத்திலேயே அன்றைக்கு ஒருநாள்தான்.

சனிக்கிழமை மத்தியானம் கிருஷ்ணன்குட்டி வீட்டில் சகாயதாஸ் பரீட்சை வைத்தார். சாவிச் சுவரைப் பார்த்தாற்போல ஒரு மேசையும் மூன்று நாற்காலிகளும் போடப்பட்டன. மேசை நடுவில் ஒரு கோழிமுட்டை. அதைக் கொடுக்க கிருஷ்ணன்குட்டிக்கு மனசே இல்லை. உடையாமல் திரும்பி வரும் என்று சகாயதாஸ் வாக்குக் கொடுத்த பிறகுதான் அடுக்களையிலிருந்து வந்தது.

"இந்த வீட்ல சாவிப் பக்கத்துல போனது நீங்க மூணு பேருதான். மூணு பேரும் இந்த முட்டைய வரையணும். நிழலும் போடணும்" என்றார் சகாயதாஸ்.

"நான் எதுக்கு? களவு போனது என் சாவியாக்கும்" என்றார் கிருஷ்ணன்குட்டி.

"நீங்க எடுத்துட்டு மறந்திருக்கலாம்லா" என்றாள் குமாரி.

சகாயதாஸ் அவளை அறையின் ஓரத்துக்கு இழுத்துக் கிசுகிசுத்தார். ஜன்னல் வலது பக்கம் இருக்கிறது. முட்டையின் உண்மையான நிழல் இடது பக்கம் விழுகிறது. அந்த கிளாசில் படித்தவன் எவனோ, அவன் கை அதைப் பார்க்காது, பழக்கத்தில் நிழலை வலது பக்கம்தான் போடும். குமாரிக்கு அன்றைக்கு முதன்முதலாக சார் மேல் ஒரு மரியாதை வந்தது. கூடவே ஒரு பயமும் வந்தது.

வரைந்தார்கள். கிருஷ்ணன்குட்டியின் முட்டை நிலக்கடலை மாதிரி வந்தது. நிழலே போடவில்லை, பென்சில் தேயும் என்றார். ரெனில் நெற்றி வியர்க்க நெடுநேரம் விழித்தான். நிழல் என்றால் என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. எதிர்ச் சுவரில் சாவி இருந்தது. அதற்கு எந்தப் பக்கம் போட்டிருக்கிறதோ அந்தப் பக்கமே தானும் போட்டுவிட்டு, நல்ல மார்க்கு கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு பென்சிலைக் காதில் செருகினான்.

சரோஜம் கடைசியாக முடித்தாள். பென்சிலைத் தொட்ட பிறகு அவள் யாரையும் பார்க்கவில்லை. முட்டையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், திரும்ப முட்டையைப் பார்த்தாள். எழுந்து கணவரின் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

கிருஷ்ணன்குட்டி மேசை விளிம்புக்கு வந்திருந்த அந்தத் தாளைப் பார்த்துப் பதறி, இரண்டு கையாலும் அணைகட்டினாற்போல நடுவுக்குத் தள்ளினார். "இப்ப விழுந்து ஒடைஞ்சிருக்கும்" என்றார். பக்கத்தில் உண்மையான முட்டை சும்மா இருந்தது.

குமாரி சகாயதாஸைப் பார்த்தாள். அவர் மூன்று தாள்களையும் வாங்கினார். அழகு எதிலும் அவர் கண் போகவில்லை. விரலை வைத்து நிழல் எந்தப் பக்கம் என்று மட்டும் பார்த்தார்.

"அண்ணாச்சிக்கு நிழல் இல்ல. நிரபராதி. சேச்சிக்கு நிழல் இடது பக்கம், ஜன்னலுக்கு ஒத்து வருது. நிரபராதி." மூன்றாவது தாளை உயர்த்திப் பிடித்தார். "ஜன்னல் வலது பக்கம் இருக்கும்ப நிழலையும் வலது பக்கம் போட்டவன் இவன் ஒருத்தன்."

"சாரே, அவன் சாவியப் பாத்து காப்பி அடிச்சான்" என்றாள் குமாரி. "அந்தத் தாளக் கொஞ்சம் பாருங்க. சேச்சிக்க முட்டைய அவிச்சுத் தின்னலாம் போல இரிக்கு."

"அழகு வேற, ஆதாரம் வேற குமாரி."

"நான் மொதல்லயே சொன்னேம்லா" என்றார் கிருஷ்ணன்குட்டி. "நாளைக்குக் காலைக் குர்பானை பூசைக்கு நான் பள்ளியில இருப்பேன். வெள்ளைச் சட்டை போட்டுட்டுப் போவேன்."

ரெனில் அழவில்லை. எழுந்து நின்றான். "மொதலாளி, கல்யாணம் போனா போவட்டு. அந்தப் பெண்ணு கள்ளன கெட்ட வந்தான்னு ஊருல பேரு எடுக்காண்டாம். தடை சொல்லாண்டாம், நானே இண்ணைக்குப் போய் வேண்டாம்னு சொல்லிருதேன். ஏணிய மட்டும் தாங்க" என்றான். இந்த இடத்தில் குமாரிக்குப் பகடி ஒன்றும் வரவில்லை. வாயைத் திறந்து சொல்லிவிடுவது என்று ஒரு அடி முன்னால் வைத்தாள்.

அதற்குள் சரோஜம் நடந்துபோய் ஸ்டூலை இழுத்துச் சுவரருகே போட்டாள். மேலே ஏறினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு குட்டைப் பென்சிலையும் ஒரு ரப்பர் துண்டையும் எடுத்தாள்.

"எடி, எறங்கு. கைரேகை அழிஞ்சிரும்" என்றார் கிருஷ்ணன்குட்டி.

அவள் இறங்கவில்லை. சாவியின் வலது பக்கத்து நிழலை ரப்பரால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். சாவி தட்டையாகிச் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது. பிறகு கையின் ஓரத்தைச் சுவரில் ஊன்றி, இடது பக்கம் நிழலைப் போட ஆரம்பித்தாள். தண்டை ஒட்டி அழுத்தம், தள்ளிப்போகப் போகப் பென்சிலைச் சாய்த்து லேசாக. வளையத்துக்குள் ஒரு பிறை. தண்டின் வலது ஓரத்தில் இருந்த கறுப்பை எடுத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்துக்கு இடம் விட்டாள். ஆணிக்கும் மாற்றிப் போட்டாள். ஜன்னல் கம்பி, சகாயதாஸின் டார்ச், மேசை முட்டை, சுவர்ச் சாவி என்று அந்த அறையில் உள்ள எல்லாவற்றின் நிழலும் ஒரே பக்கம் சாய்ந்தது. முன்பு தொங்கியது ஒன்றுமே இல்லை, இப்போதுதான் சாவி தொங்கியது. கிருஷ்ணன்குட்டியின் கை தன்னையறியாமல் அதை நோக்கி எழுந்து, பாதியில் நின்றது.

"நீயா?" என்றார்.

"நானாக்கும்." ஸ்டூலிலிருந்து இறங்காமலே சொன்னாள். "மாஷ் சொல்லித் தந்தது போல அண்ணைக்குப் போட்டுட்டேன். இந்த சாரு வந்து பேனா பிடிச்சுக் காட்டும்பத்தான் பாத்தேன், ஜன்னலு இந்தப் பக்கம் இரிக்கு, நிழலும் இந்தப் பக்கமே கெடக்கு. சோறு எறங்கல்ல எனக்கு. எழும்பி வந்து திருத்தலாம்னா அதுக்குப் பிறகு நீங்க அந்த சாய்வு கசேரிய விட்டு அசையல்ல. களவு பிடிச்சிருவியன்னு ஒரு பேடியும் பயமும். அதவிட, தப்பான நிழல நாலு ஆளு பாக்காவளேன்னு."

"படம் படிக்கப் போனியா? அம்பலத்துல பாகவத சப்தாகம் கேக்கப் போறேன்னுல்லா சொன்ன."

"சப்தாகம் ஒரு வாரத்துல முடியும். நான் போவத் தொடங்கி வருஷம் ஒண்ணாச்சு. நீங்க கேக்கல்ல."

"சாவி எதுக்கு எடுத்த?"

"கிண்டி வரைய. வால் போல மூக்கு உள்ள பாத்திரம் வரைஞ்சாத்தான் நிழல் படியும்னு மாஷ் சொன்னாரு. என் அம்மை எனக்குத் தந்த கிண்டியாக்கும். கல்யாணம் கழிஞ்ச பிறகு அத நான் பகல் வெளிச்சத்துல பாத்ததே இல்ல." "நீங்க ஆரியங்கோட்டுக்குப் போற நாளு எல்லாம் வெளிய எடுத்து வச்சுப் பாத்தேன். நல்ல அழகு. அத விக்கப் போறியன்னு சாமான் வாங்குத ஆளு வந்த அண்ணைக்குத்தான் அறிஞ்சேன்."

கிருஷ்ணன்குட்டி சகாயதாஸைப் பார்த்தார். கேஸ் முடிந்துவிட்ட சந்தோஷத்தில் சகாயதாஸ் டார்ச்சுக்குப் பாட்டரி போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் தொடக்கத்துலேயே சந்தேகப்பட்டேன்" என்றார்.

"ஆமா, ஓட்டக் கழத்தும்பவே" என்றாள் குமாரி.

சரோஜம் ஸ்டூலிலிருந்து இறங்கி ரெனில் பக்கத்தில் போய் நின்றாள். "மக்கா, நான் முந்தியே சொல்லியிருக்கணும். பொறுத்துக்கிடு" என்றாள். பிறகு கணவரைப் பார்த்தாள். இந்தத் தடவை கதவு நிலையைப் பார்க்கவில்லை.

"நாளைக்குப் பள்ளிக்குப் போங்க. நானும் கூட வாறேன். தடை உண்டுமான்னு அச்சன் கேக்கும்ப எழும்பி, சாவிய எடுத்தது என் வீட்டுக்காறியாக்கும், அவளுக்க சாமானத்தான் அவ எடுத்தான்னு அத்தன ஆளு முன்னால சொல்லுங்க. வெள்ளைச் சட்டை தேச்சுத் தாறேன்."

கிருஷ்ணன்குட்டி அந்தக் காட்சியை மனசுக்குள் ஒருதடவை ஓட்டிப் பார்த்தார். எழுந்து நிற்கிற இடம் வரை சரியாக வந்தது. அதற்குமேல் வரவில்லை. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, இடுப்பிலிருந்து தொழுவத்துச் சாவியை எடுத்து ரெனில் பக்கம் நீட்டினார். ரெனில் ஓடிய ஓட்டத்தில் கோழிகள் சிதறின. ஏணி கதவில் இடிக்கிற சத்தம் கேட்டது.

"செரி, போனது போவட்டு" என்றார் கிருஷ்ணன்குட்டி, கொஞ்சநேரம் கழித்து, குரலைத் தணித்து. "பத்தாயச் சாவிய இங்க தா."

சரோஜம் மேசையிலிருந்த முட்டையை எடுத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் திரும்பினாள்.

"அது என்கிட்ட இரிக்கட்டு" என்றாள். "உங்களுக்குப் பாக்கத்தானே வேணும். அது சுவர்ல உண்டு."